நான் ‘சரி’ போட்ட கிளாம்ப்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கதை சொல்லியிருப்பார்கள். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் லோடு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. கிளாம்ப் விட்டுப்போகும் நிலையில் இருந்தது. வளர்மதி என்ற இன்ஜினியர் அதைக் கண்ணாலேயே கண்டுபிடித்து “நிறுத்துங்க” என்று கத்தினார், பக்கத்தில் நின்ற ஆள் தப்பித்தார். அந்த வளர்மதி நான்தான். கத்தியது உண்மை. கத்திய கத்தலில் தொண்டை கட்டி இரண்டு நாள் பேச முடியாமல் கிடந்ததும் உண்மை.

ஆனால் அந்தக் கதை நான் கத்திய இடத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்னால் பதினாறு நாள் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். அதே பழைய கதையைப் பளபளவென்று துடைத்து இன்னொரு தடவை கொடுத்திருக்கலாம். புக்கிட் பாஞ்சாங்கில் வீட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதியும் பார்த்தேன். படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

வேலையின் நுணுக்கங்களை நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். ஆனாலும் ஒன்றை மட்டும் எளிமையாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் நடக்கிறது. ஓர் இரும்புப் பொருளைக் கணினியில் வரைந்து, ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, அதாவது மெஷ் போட்டு, அது எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது, எங்கே பாரம் இறங்குகிறது என்று சொல்லிவிட்டால், எங்கே வளையும் எங்கே உடையும் என்று கணினி கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். எங்கே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிற வேலை மட்டும் நம்முடையது. அங்கே நாம் பொய் சொன்னால் கணினி அதை அப்படியே நம்பி, அழகான வண்ணப்படம் ஒன்றைப் போட்டுத் தரும்.

அப்போது எங்கள் அலுவலகம் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஹார்ட்வேர் கடை. எல்லா அளவிலும் கிளாம்ப்பும் போல்ட்டும் அங்கே தொங்கும், நாங்கள் மேலே உட்கார்ந்து கணினியில் கிளாம்ப் வரைந்துகொண்டிருப்போம். மொத்தம் எட்டுப் பேர். நான் அங்கே பதின்மூன்று வருடம் முடித்திருந்தபோது நஸ்ரின் வந்து சேர்ந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தாறு.

வந்த முதல் நாளே என்னை “அக்கா” என்றாள். அந்த நிமிடத்திலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. பதினெட்டு வயது இளையவள் அப்படித்தானே கூப்பிடுவாள், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாரும் என்னை வளர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலகத்தில், அவள் வாயைத் திறந்ததும் நான் ஒரே நாளில் மூத்தவளாகிவிட்டேன்.

பொறாமை என்பது பெரிய பெரிய காரணங்களில் பிறக்கும் என்று நினைக்காதீர்கள். என்னுடையது சில்லறைச் சமாச்சாரங்களில் வளர்ந்தது. அவளுடைய கணினி மாடல் முதல் தடவையிலேயே ஓடும். என் மாடல் மூன்று தடவை எர்ரர் காட்டிவிட்டு நாலாவது தடவைதான் மனமிரங்கும். அவளுக்கு மாண்டரின் சீனம் வரும், தோ பாயோவில் பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியதாம். சைட்டுக்குப் போனால் சீன ஃபோர்மேன்கள் அவளிடம் வேலையைச் சொல்லி, குடும்பக் கதையையும் சொல்லி, சிரித்துவிட்டுப் போவார்கள். நான் இருபது வருடமாக அவர்களிடம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். மதியம் தேக்கா சந்தையில் என்னைவிட இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

நான் பதினேழு வருடமாகக் காத்திருந்த லீட் இன்ஜினியர் பதவி அவளுக்கு நாலே வருடத்தில் கிடைத்தது. பாஸ் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மற்றவர்கள் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் நேரே என்னிடம் வந்து, “அக்கா, நீங்கதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் அதை மனதாரச் சொன்னாள் என்பது தெரிந்ததால் இன்னும் அதிகமாக எரிந்தது.

லீட் ஆன பிறகு அவள் பொறுப்பில் வந்த முதல் வேலைதான் துவாஸ் வேலை. ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தரைக்குள் ஒரு குழி, அதற்குள் பம்ப். பம்ப்பைப் பழுது பார்க்க வெளியே தூக்க வேண்டும். குழிக்குப் பக்கத்தில் தலைக்கு மேலே ஒரு பழைய இரும்பு பீம் ஓடுகிறது. அதன் அடியில் ஒரு தகடு, தகட்டிலிருந்து குழியின் பக்கமாக நீளும் ஒரு கை, கையின் நுனியில் பாரம் தூக்கும் சங்கிலி ஹாய்ஸ்ட். இவ்வளவுதான் வடிவமைப்பு. முதலில் தகட்டை பீமோடு வெல்ட் செய்வதாகத்தான் இருந்தது. பிறகு, எரியக்கூடிய ரசாயனம் இருக்கிற இடத்தில் நெருப்புப் பொறி பறக்கக் கூடாது, வெல்டிங் வேண்டாம், கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள் என்று கிளையண்ட் மாற்றிச் சொல்லிவிட்டார். நஸ்ரின் ஒரே நாளில் வரைபடத்தை மாற்றினாள். பீமின் கீழ்விளிம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி நாலு கிளாம்ப், நாலு போல்ட். கணக்கையும் மறுபடி ஓட்டி ரிப்போர்ட் எழுதினாள். அதைச் செக் செய்ய என் மேசைக்கு வந்தது.

இவள் வேலையை நான் செக் செய்ய வேண்டுமாம் என்று மனசுக்குள் பொருமினேன். லீட் அவள், அவளுடைய எழுத்துப்பிழையைத் திருத்தும் குமாஸ்தா நான். அப்படித்தான் எனக்குப் பட்டது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. மாடலைத் திறந்தால் என் கண் முதலில் போவது பிடிமானத்துக்குத்தான், அது என் பழக்கம். தகட்டின் மேல்முகம் முழுவதும் ‘ஃபிக்ஸட்’ என்று இருந்தது. வெல்டுக்காகக் கொடுத்தது. வரைபடத்தில் வெல்ட் போய் கிளாம்ப் வந்துவிட்டது, மாடலில் பிடிமானம் மட்டும் பழையபடியே இருந்துவிட்டது. அவசரத்தில் அளவுகளை மாற்றியவள் இதை மாற்ற மறந்திருக்கிறாள்.

வெல்ட் செய்த முகம் தள்ளும், இழுக்கும், இரண்டும் செய்யும். கிளாம்ப் போட்ட முகம் தள்ள மட்டும்தான் செய்யும், இழுக்காது. கையின் நுனியில் பாரம் தொங்கும்போது தகட்டின் பின்பக்கம் பீமை மேலே அழுத்தும், குழிப்பக்கம் பீமைவிட்டு இறங்கப் பார்க்கும். அந்தப் பக்கத்தை மேலே இழுத்துப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு போல்ட். நெம்புகோல் மாதிரி, தொங்குகிற பாரத்தைவிட அதிகமான இழுவை அந்த இரண்டின் மேலும் வரும். மாடலுக்கு இது தெரியாது. முகம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்து எல்லா இடத்தையும் பச்சையாகவும் நீலமாகவும் காட்டியது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எழுந்து நாலு மேசை தள்ளிப் போய், “நஸ்ரின், பிடிமானத்தைப் பார்” என்று சொல்ல இன்னொரு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் எழுந்திருக்கவில்லை. வியாழக்கிழமை கிளையண்டோடு ரிவ்யூ கூட்டம் இருந்தது. அவர்களுடைய இன்ஜினியர் கறாரான மனிதர் என்று பெயர். அவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். பாஸ் முன்னால், எல்லார் முன்னால், ஸ்கிரீனில் அவள் மாடலைப் போட்டுவைத்துக்கொண்டு கேட்பார். அவள் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் அடிபடப் போவதில்லை, காகிதத்தில்தானே தப்பு, திருத்திவிட்டுப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செக்கிங் தாளில் ‘பிடிமானம்’ என்ற வரிக்கு எதிரே பேனாவால் டிக் போட்டேன். கீழே என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். வேடிக்கை பார்க்கப் போகிறவள் மாதிரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். நஸ்ரின் படத்தை அசையவிட்டுக் காட்டினாள். பாரம் இறங்க இறங்க அந்தக் கை கொஞ்சம் வளைந்து நிமிர்ந்தது, பார்க்கவே லட்சணமாக இருந்தது. கறாரான மனிதர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி உற்றுப் பார்த்தார். இதோ கேட்கப் போகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயிண்ட் என்ன நிறம் என்று கேட்டார்.

மஞ்சள் என்று அவள் மாண்டரினில் சொல்ல, அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். செக் செய்தவர் யார் என்று கடைசியில் கேட்டார். பாஸ் என்னைக் காட்டினார், இருபது வருட அனுபவம் என்று பெருமையாகச் சொன்னார். அப்படியானால் சரி என்று அவர் கோப்பை மூடிவிட்டார். அவர் என் கையெழுத்தை நம்பித்தான் மேற்கொண்டு பார்க்காமல் விட்டார். அந்த இடத்தில்தான் முதல் தடவையாக எனக்கு உள்ளே பயம் புகுந்தது.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சொன்னால், “அப்புறம் ஏன் டிக் போட்டீங்க?” என்ற கேள்வி வரும். கையெழுத்துப் போடும் வரைக்கும் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது பொறாமை. அதற்கப்புறம் வாயைக் கட்டிப்போட்டது பயம். அடுத்த வாரம் மதிய இடைவேளைகளில் யாருக்கும் தெரியாமல் அந்த மாடலைப் பிரதி எடுத்து, கிளாம்ப்பையும் போல்ட்டையும் உள்ளபடி வைத்து ஓட்டிப் பார்த்தேன். குழிப்பக்கத்து இரண்டு போல்ட்டும் தாங்கும் அளவைத் தாண்டின. பீமின் விளிம்பும் வளைந்தது. ஒருவேளை நான் நினைத்தது தப்போ என்று ஒளிந்துகொள்ள இடம் தேடித்தான் அதை ஓட்டினேன். இடம் கிடைக்கவில்லை. ஃபைலை அழித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

இதற்குள் தகடு வெட்டி, கை செய்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, பீமில் மாட்டியும் விட்டார்கள். டெஸ்டுக்கு முந்தின நாள் நஸ்ரின் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, நாளைக்கு நீங்களும் வாங்களேன்.”

“நான் எதுக்கு? உன் ஜாப்தானே.”

“சும்மா வாங்கக்கா. நீங்க கூட இருந்தா எனக்கு டென்ஷன் குறையும் லா.”

அவள் வெற்றியைப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஜாலான் புசாரிலிருந்து துவாஸுக்கு வேனில் முக்கால் மணி நேரம். அவள் தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் “ம்” கொட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சிக்னல்கள் பச்சையாகிக்கொண்டே இருந்தன.

டெஸ்டில் பம்ப்புக்குப் பதிலாக எடைக்கட்டிகளைத் தொங்கவிடுவார்கள். முதலில் பாதி பாரம், பிறகு முழுப் பாரம், பிறகு அதற்கு மேலும் கொஞ்சம். கட்டி ஆடாமலிருக்க ஒருவர் கயிறு பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று கயிறு பிடித்தவர் ஊரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு தமிழர், நாற்பது வயதிருக்கும். நான் பீமைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டேன் போலிருக்கிறது.

“மேடம், மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருங்க. இங்க நிக்கக் கூடாது” என்றார் அவர்.

“நீங்க நிக்கிறீங்களே?”

“நான் கயிறு பிடிக்கணுமே மேடம்” என்று சொல்லிச் சிரித்தார்.

நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். அவர் நின்றது பாரத்துக்கு நேர் கீழே இல்லை, ஒழுங்குமுறைப்படி பக்கவாட்டில்தான் நின்றார். ஆனால் மேலே பிடி விட்டுவிட்டால் அந்தக் கை எந்தப் பக்கம் சுழன்று விழும் என்று எந்த ஒழுங்குமுறையிலும் எழுதியிருக்கவில்லை. பிடி விடக்கூடும் என்பது எனக்குத் தெரியும், அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாதி பாரத்தைத் தூக்கினார்கள். கட்டி தரையைவிட்டு எழும்பியது. எல்லாரும் கட்டியைப் பார்த்தார்கள். நான் தகட்டுக்கும் பீமுக்கும் நடுவே பார்த்தேன். குழிப்பக்கம் மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. முதலில் பெயிண்ட் கீறல் என்றுதான் நினைத்தேன். சுமை கொஞ்சம் ஆடியபோது அந்தக் கோட்டின் வழியாக எதிர்ப்பக்கத்து ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. மாடலில் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்த முகம், நான் டிக் போட்ட முகம், அங்கே வாய் திறந்து நின்றது. ஃபோர்மேன் முழுப் பாரத்துக்குப் போகலாம் என்று கை காட்டினார்.

அப்போதுதான் கத்தினேன். தமிழில் கத்தினேன். “நிறுத்துங்க! இறக்குங்க! நீங்க அங்கேருந்து வெளியே வாங்க!” சீன ஃபோர்மேனுக்கு வார்த்தை புரிந்திருக்காது, என் குரல் புரிந்தது. கட்டியை இறக்கினார்கள். கயிறு பிடித்தவர் கயிற்றைப் போட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

நஸ்ரின் ஏணியில் ஏறிப் பார்த்தாள். இறங்கினாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் ஒரு தடவை, மாண்டரினில் ஒரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். இது என் தப்பு, வெல்டிலிருந்து கிளாம்ப்புக்கு மாற்றியபோது மாடலில் பிடிமானத்தை மாற்ற மறந்துவிட்டேன், டெஸ்டை நிறுத்திவிடுங்கள். சுற்றிவளைப்பே இல்லை. பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எப்ப பாத்தீங்க?”

“இப்பதான். கேப் தெரிஞ்சுது” என்றேன்.

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். செக் செய்தபோது அவளைப் போலவே நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் அதையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். நான் ரிப்போர்ட்டில் சரியாக எழுதியிருந்தால் அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று பாஸிடம் எனக்காக வாதாடினாள். பிறகு தகட்டைப் பின்பக்கம் நீட்டி அடுத்த பீமையும் சேர்த்துப் பிடிக்கும்படி மாற்றினோம். இரண்டாவது டெஸ்ட் ஒரு சத்தமில்லாமல் முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்குக் கை தட்டினார்கள். இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த கைதட்டல். கண்ணாலேயே கண்டுபிடிக்கும் வளர்மதி பிறந்தது அன்றைக்குத்தான். எல்லாரையும்விட அதிக நேரம் தட்டியது நஸ்ரின். நான் அங்கே நின்றுகொண்டு அவளைப் பார்த்து மறுபடியும் பொறாமைப்பட்டேன், நம்புவீர்களா? அத்தனை பேர் நடுவில் “என் தப்பு” என்று அவளால் எப்படிச் சொல்ல முடிந்தது? அதற்கு ஒரு நிமிடம்கூட அவளுக்குத் தேவைப்படவில்லை. எனக்குப் பதினாறு நாள் கொடுத்தும் முடியவில்லை.

ஒரு மாதம் ஓடியிருக்கும். சிராங்கூன் ரோடு பக்கம் ஓர் உணவகத்துக்கு என்னைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனாள். தான்தான் விருந்து கொடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். இலை போட்டு, சோறு வைத்து, மீன் வறுவல் வந்தது.

“அம்மாகிட்ட உங்களப் பத்தி சொன்னேன்கா. தினமும் தொழுதுட்டு உங்களுக்காக துவா செய்றாங்க. அந்தக் கயிறு பிடிச்ச அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா என் கதி என்ன ஆயிருக்கும்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க.”

முகம் தெரியாத ஓர் அம்மா தினமும் என் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறார். அதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. பிசைந்த கையை இலையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன்.

“நஸ்ரின், நான் அன்னைக்கு சைட்ல பாக்கல. செக் பண்ணும்போதே பாத்துட்டேன்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. “எப்ப? ரிப்போர்ட் குடுத்தப்பவா?”

“ம்.”

“பின்ன டிக் போட்டிருந்தீங்களே.”

“பாத்துட்டுத்தான் போட்டேன். ரிவ்யூல நீ மாட்டிக்கணும்னு போட்டேன்.”

“ஏன்க்கா?”

“பொறாமை” என்றேன். வேறு நல்ல சொல் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பாயசம் கேட்டுக்கொண்டிருந்தது. நஸ்ரின் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“கயிறு பிடிச்சிட்டு நின்னாரே, அவரு பேரு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

தெரியாது என்று தலையாட்டினேன்.

“சின்னத்துரை. காலையில பிரீஃபிங்ல சொன்னாரு. நீங்களும்தான் அங்க நின்னீங்க.” இலையைத் தள்ளி வைத்தாள். “உங்களுக்கு ஒண்ணு தெரியுமாக்கா? பாஸ் அந்த ஜாபுக்கு வேற ஆளத்தான் செக்கரா போட்டாரு. நான்தான் போய் கேட்டு உங்களப் போடச் சொன்னேன். லீட் ஆகி ஃபர்ஸ்ட் ஜாப். எனக்கு பயமா இருந்துச்சு. நான் எங்கயாச்சும் விட்டாலும் நீங்க விடமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அவள் விட்டதை நான் விடவில்லைதான், பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். பாஸிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் நானே போய்ச் சொன்னேன். பாஸ் கதவைச் சாத்தினார். ஆறு மாதம் நான் எந்த வேலையையும் செக் செய்யக் கூடாது என்றார். வெளியே கேட்டால் உடம்பு சரியில்லை, வேலையைக் குறைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அதனால்தான் கைதட்டல் கதை மட்டும் வெளியே உலவியது. அந்தத் தொழிற்சாலை இப்போது அங்கே இல்லை. நான் இதை எழுதுவதால் யாருக்கும் இடைஞ்சல் வராது, என்னைத் தவிர.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது என்று பார்த்தால் கொஞ்சம்தான். கிளாம்ப் என்று வரைபடத்தில் பார்த்ததும் ‘ஃபிக்ஸட்’ பட்டனை அழுத்தாதீர்கள். எந்தப் பக்கம் அழுத்துகிறது, எந்தப் பக்கம் விலகப் பார்க்கிறது, விலகினால் எது பிடிக்கும் என்று கேளுங்கள். வெல்ட் கிளாம்ப்பாக மாறினால் மாடலைப் பிடிமானத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். இதையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்று, உங்கள் மேசைக்குச் செக் செய்ய ஒரு வேலை வரும்போது அதைச் செய்தவரை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அப்படியிருந்தால் அந்த வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உடனே எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள், சொல்லும்போது நக்கலாகவே சொல்லுங்கள், பரவாயில்லை. நான் அன்று நஸ்ரினைப் பத்துப் பேர் முன்னால் கேலி செய்திருந்தால்கூட அது இதைவிட எவ்வளவோ நல்லது.

ஆறு மாதம் முடிந்து மற்றவர்களின் வேலைகள் என்னிடம் செக்கிங்குக்கு வர ஆரம்பித்தன. நஸ்ரினுடையது வரவில்லை. அவள் முறைத்துக்கொள்ளவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பெருநாளுக்கு வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்தாள், எல்லாருக்கும் கொடுத்தது போலவே எனக்கும் கொடுத்தாள். ஆனால் அவளுடைய ரிப்போர்ட்டுகளில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் டேரில் என்ற சக ஊழியரின் முதலெழுத்துகள் இருந்தன. நல்ல பிள்ளைதான், ஆனால் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். அவள் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். இரண்டு பேரும் ஒரே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு, இது இருக்கட்டும், அது என்ன என்று சண்டை போடுவார்கள். அவன் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் சந்தோஷப்பட்டு அவன் தோளில் தட்டுவாள். அவள் மாண்டரினுக்கும் லீட் பதவிக்கும் நான் பட்ட பொறாமையெல்லாம் அந்த நாற்காலிக்குப் பட்டதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. துவாஸ் வேலையின்போது அதில் உட்கார அவளே என்னைத் தேடிக் கூப்பிட்டிருந்தாள்.

இப்படிப் பன்னிரண்டு வருடம். கடைசி நாளில் எனக்குக் கேக் வெட்டினார்கள். நஸ்ரின் பேசினாள். துவாஸ் கதையை அவள் எடுக்கவே இல்லை. நான் மெஷ் போடக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிச் சொன்னாள், எல்லாரும் சிரிக்கும்படி இரண்டு விஷயம் சொன்னாள், என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “உடம்பப் பாத்துக்குங்கக்கா” என்றாள். பிறகு மேசையிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு, கேக் தட்டோடு நின்றிருந்த டேரிலிடம் போனாள். நேரம் இருக்கிறதா, ஒன்றைச் செக் செய்ய வேண்டும், எங்கேயோ விட்டிருக்கிறேன் போலிருக்கிறது, நான் பார்த்தால் தெரியவில்லை என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.